வெள்ளவத்தையில் கசடு குறைந்த விதம்

எங்கள் ஃபிளாட்டுக்கு 'ஸீ பிரீஸ் கோர்ட்' என்று பெயர் வைத்தவர் மூக்கில்லாத மனிதராக இருக்கவேண்டும். அல்லது கட்டி முடித்த கையோடு விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போனவராக இருக்கவேண்டும். கடல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்கு அலையடித்துக்கொண்டுதான் கிடக்கிறது. ஆனால் தொண்ணூற்றேழாம் ஆண்டு எங்கள் முற்றத்துக்கு வந்த காற்று கடலிலிருந்து வந்ததல்ல. பின்வளவில், நிலத்துக்குக் கீழே இருந்த கக்கூஸ் டாங்கியிலிருந்து வந்தது.

டாங்கியைக் குறை சொல்லக்கூடாது. வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய டாங்கி அது. யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றி, சனம் வன்னிக்கும் வவுனியாவுக்கும், ஆமியின் பாஸ் கிடைத்த சனம் கொழும்புக்கும் என்று சிதறிய பிறகு, எங்கள் ஃபிளாட்டில் வீட்டுக்கு மூன்று குடும்பம். அறையில் ஒன்று, ஹோலில் ஒன்று, சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒன்று. எல்லோரும் நல்ல சனம். நன்றாகச் சாப்பிடுகிற சனம். டாங்கி என்ன செய்யும், பாவம்!

டாங்கி மூடிக்கு நேரெதிரே கீழ்வீட்டின் குசினி யன்னல். அந்த வீட்டில்தான் கனகசபாபதி அண்ணையும் பாலேஸ்வரி அக்காவும் இருந்தார்கள். அண்ணை தபாற் கந்தோர்களில் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். யாராவது உரத்துக் கதைத்தால் பிழை தன்னிடம்தான் என்று நினைக்கிற சுபாவம். எவர் எதைச் சொன்னாலும் "ஓம், சரி" என்பார். பாலேஸ்வரி அக்கா சரி சொல்கிற இனமல்ல. வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரனை நம்பி லொட்ஜுகளில் காத்துக்கிடந்த பொடியளுக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்றார். கத்தரிக்காய்ப் பால்கறியும் மீன்குழம்பும் அந்த யன்னலால் வெளியே போகும். வாடகையும் அரிசியும் அதே யன்னலால் உள்ளே வரும். அண்ணையின் பென்சன் கடதாசிகள் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டதால் அவர்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

டாங்கி மணக்கத் தொடங்கியதும் பொடியள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"அன்ரி, உங்கட சாப்பாட்டில ஒரு குறையும் இல்லை. வாங்க வரேக்கைதான்..." என்று ஒருவன் மூக்கைத் தடவினான். அடுத்த நாள் அவனும் வரவில்லை.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி அக்கா கணவரைப் பிடித்துக்கொண்டார். நான் மேல்வீட்டுக்காரன், எனக்கு எல்லாம் கேட்கும்.

"இஞ்சாருங்கோ, இந்த மாதம் எப்பிடியும் சமாளிப்பன். வாற மாதம் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாட்டி எங்களுக்குக் கொழும்பில என்ன வேலை? வவுனியா முகாமுக்குத்தான் போகவேணும். போய் ஒரு பௌசர் வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த இழவை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கோ!"

"ஓம், சரி," என்றார் கனகசபாபதி அண்ணை.

தனியே போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஃபிளாட் நலன்புரிச் சங்கத்தில் நான் உபதலைவர். தலைவர் நாகேந்திரம் கதைக்கும்போது தலையாட்டுவதுதான் உபதலைவரின் கடமை. ஆனபடியால் எனக்கு நேரம் இருந்தது.

கொள்ளுப்பிட்டியில் கழிவுநீர் மேன்மை அதிகாரசபை என்று ஒன்று இருந்தது. என்ன குளிர்மை, என்ன வாசனை! வாசலில் ரோசாப்பூ, மாடியில் ஏசி, சுவரெல்லாம் தெளிந்த நீரோடைகளின் படங்கள். ஸவாஹிர் என்ற உத்தியோகத்தரிடம் எங்களை அனுப்பினார்கள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, நல்ல மனிதன். அந்தக் கந்தோரில் தமிழ் கதைக்கிறவர்கள் எல்லோரும் அவர் ஒருவர்தான்.

"தம்பி, எங்கட டாங்கி நிரம்பிப் போச்சு. ஒரு பௌசர்..." என்று தொடங்கினார் அண்ணை.

ஸவாஹிர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அல்லாஹ்வே! மெதுவாப் பேசுங்க ஐயா. பௌசர்னு இந்த மாடியில யாரும் சொல்றல்ல. ஹெக்டர் ஸேர் சேர்மனா வந்தப்பொறகு உறிஞ்சிறது நிப்பாட்டியாச்சு. அது பழைய காலம். இப்ப நாங்க குறைக்கிறோம்."

லாச்சியைத் திறந்து ஒரு பக்கெற்றை எடுத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தோடு மேசையில் வைத்தார். 'ஜீவசுத்தி' என்று அதன்மேல் மூன்று மொழியில் அச்சடித்திருந்தது.

"இதுக்குள்ள ஈக்கிறது எல்லாம் உசிருள்ள கிருமி. நல்ல கிருமி. டாங்கியில போட்டா கசடத் திண்டு தண்ணியாக்கிரும். மணமும் போயிரும்."

அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒண்டைத் தாங்கோவன் தம்பி. பின்னேரமே கொண்டுபோய்ப் போட்டுவிடுறன்."

ஸவாஹிர் பரிதாபமாகச் சிரித்தார். "ஐயா, நீங்க போட்டா அது பவுடர். நாங்க போட்டாத்தான் திட்டம்."

திட்டம் என்றால் முதலில் பரிசோதனை. அடுத்த கிழமை ஸவாஹிர் சிவப்புக் கோடு போட்ட ஒரு நீளத் தடியோடு வந்தார். மூடியைத் திறந்து தடியை விட்டு எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கசடு போதாது ஐயா."

குசினி யன்னல் படாரென்று திறந்தது.

"என்ன, போதாதோ? தம்பி, நீர் ஒருக்கா இதுக்குள்ள வந்து நிண்டு மூச்சை இழுத்துப்போட்டு அந்தக் கதையைச் சொல்லும் பாப்பம்!"

"அக்கா, மணம் வேற, கசடு வேற. மணத்துக்கு எங்ககிட்ட திட்டமில்ல," என்று பொறுமையாக விளக்கினார் ஸவாஹிர். "வெளிநாட்டுக்காரன் உதவி தாறது கசடப் பாதியாக் குறைக்கிறதுக்கு. குறைவா ஈக்கிறதப் பாதியாக்கினா றிப்போட்ல சின்னதாத் தெரியும். சேர்மன் ஏசுவார். கோடு வரைக்கும் வந்தப்பொறகு ஒரு டெலிபோன் கோல் எடுங்க, ஓடி வாறேன்."

"கண்டறியாத அதிகாரசபை!" என்று சொல்லி பாலேஸ்வரி அக்கா யன்னலைச் சாத்தினார்.

அன்றைக்கே நலன்புரிச் சங்கக் கூட்டம் கூடியது. தலைவர் நாகேந்திரம் முன்னாள் கூட்டுறவுப் பரிசோதகர். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

"அன்பர்களே! வீட்டை விட்டிட்டு வந்தம். வளவை விட்டிட்டு வந்தம். கட்டி வைச்ச பனம்பழப் பனாட்டையும் விட்டிட்டு வந்தம். ஆனால் கசடு போதாது எண்டு ஒருத்தன் எங்களைப் பாத்துச் சொல்லுமளவுக்கு எங்கட சமூகம் இன்னும் இறங்கேல்லை!"

பலத்த கைதட்டல். நான் தலையாட்டினேன்.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ரியூட்டரிகளிலும் எவரும் வீணாக்கக்கூடாது. பொறுத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். ஒவ்வொரு வீடும் தன் சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைக்கவேண்டும். அவர்கள் சாப்பிட்டவுடன் எழும்பிப் போகாதபடி பழைய அல்பங்களைக் காட்டி மறித்து வைக்கவேண்டும். பாலேஸ்வரி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெரிய கிடாரம் ஒடியல் கூழ் காய்ச்சினார். கூழுக்குள் நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் இருந்தன. அது வயிற்றுக்குள் போனால் மனிதர் அதிக தூரம் போகமுடியாது.

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள், களுபோவிலையிலிருந்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்தவர்களும் உண்டு. கோப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா எழும்பியவர்களை நாகேந்திரம் படிக்கட்டில் மறித்து, "தம்பி, குறை நினையாதையும், ஒருக்கா உள்ளுக்குப் போட்டு வாருமன்" என்று கெஞ்சினார். கனகசபாபதி அண்ணை துவாயும் சவர்க்காரமும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

அந்த நாட்களில் தமிழர் வீட்டுக்கு ஒரு மாமன் வந்து படுத்தாலே பொலிஸில் பதியவேண்டும். மாமன்மார் பஸ்ஸில் வந்து இறங்கினால் விடுவார்களா? மூன்றாம் நாள் ஜீப் வந்தது. சார்ஜன் இறங்கி, சிங்களத்தில், இத்தனை பேரும் என்னத்துக்கு இங்கே வந்து போகிறார்கள் என்று கேட்டார். சனம் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

நாகேந்திரத்துக்குச் சிங்களம் அரைகுறை. மைக்கும் இல்லை, வார்த்தையும் இல்லை. அவர் டாங்கியைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், வந்திருந்தவர்களைக் காட்டினார், கடைசியாகக் கக்கூஸ் கதவைக் காட்டினார். சார்ஜன் நம்பவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். உடனே நம்பினார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கூழ் மணமும் மூக்கில் பட்டிருக்கவேண்டும். ஒரு கோப்பை குடித்தார். பிறகு தலைவரைத் தனியே கூப்பிட்டு, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டார். எங்கள் டாங்கிக்கு அரசாங்கம் செய்த முதலாவது உதவி அதுதான்.

அடுத்த பரிசோதனையில் கசடு சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஸவாஹிர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாஷா அல்லாஹ், இப்பதான் டாங்கி மாதிரி ஈக்கி." மணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பாலேஸ்வரி அக்காவுக்கு மிஞ்சியிருந்த வாடிக்கைக்காரப் பொடியள் இரண்டு பேரும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனிப் பவுடரைப் போடவேண்டியதுதானே? அதெப்படி! சேர்மன் வந்தல்லவா போடவேண்டும். டாங்கி மூடிக்கு நீலப் பெயின்ற் அடித்தார்கள். சுற்றிவரப் பந்தல், மூடிக்குக் குறுக்கே சிவப்பு ரிபன், பக்கத்தில் குத்துவிளக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம் வேறு. ஆனால் பிரதம அதிதியின் மூக்குக்கு என்ன செய்வது? அதற்கும் அதிகாரசபையில் ஒரு பிரிவு இருந்தது: உபசரணைப் பிரிவு. அவர்கள் முதல் நாள் லொறியில் வந்து பீப்பா பீப்பாவாகக் கிருமிநாசினியை டாங்கிக்குள் ஊற்றிவிட்டுப் போனார்கள். வளவு முழுக்க ஆஸ்பத்திரி வார்ட்டு மணத்தது. எங்களுக்கு அது சந்தனமாக இருந்தது.

சேர்மன் ஹெக்டர் வந்தார். நல்ல உயரம், வெள்ளைக் கோட்டு, கோட்டில் பூ. ஆங்கிலத்தில் பேசினார், ஸவாஹிர் மொழிபெயர்த்தார். ஸவாஹிர் கதைத்தால் ஒரு தமிழ், மொழிபெயர்த்தால் வானொலிச் செய்தித் தமிழ்.

"பெரியோர்களே! எனக்கு முன்பிருந்தவர்கள் கழிவை அகற்றினார்கள். அகற்றியதும் மக்களுக்குத் தெரிந்தது. மக்களுக்கு உடனே தெரிகின்ற ஒரு வேலைக்கு அதிகாரசபை எதற்கு? ஒரு சாரதியும் ஒரு குழாயும் போதுமே! எனது தலைமையில் இந்த அதிகாரசபை ஒரு வாளி கழிவையேனும் அகற்றவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல். நாகேந்திரம் எழும்பி நின்று தட்டினார்.

"கசடு பற்றி ஆராய நாங்கள் சுவிற்சர்லாந்துக்குச் சென்றோம். அங்கே கசடே இல்லை. அதனால் ஆராய முடியவில்லை. ஆகவே மீண்டும் செல்லவேண்டியுள்ளது. இந்நாட்டில் இன்று எத்தனையோ பிரச்சினைகள். யுத்தம் என்கிறார்கள், விலைவாசி என்கிறார்கள். அவற்றில் எதையும் எங்களால் குறைக்க முடியாது. கசடை மட்டும் குறைக்க முடியும். குறைப்போம் என்று சொல்லியிருக்கிறோம். சொன்னதற்கே இவ்வளவு வரவேற்பு!"

ரிபன் வெட்டினார். பாண்ட் முழங்கியது. வெள்ளிக் கரண்டியால் ஜீவசுத்தியை அள்ளி, மருந்து நுரைத்துக்கொண்டிருந்த டாங்கிக்குள் போட்டார். பாலேஸ்வரி அக்கா யன்னலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். சேர்மனையல்ல, உள்ளே இறங்கிப் போன அந்தச் சிறு சீவன்களை.

ஒரு கிழமைக்குள் மருந்து மணம் போனது, பழைய மணம் வந்தது, புதிதாகவும் ஏதோ கூடி வந்தது. ஸவாஹிர் போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, முகம் செத்துத் திரும்பி வந்தார்.

"ஐயா, கிருமியெல்லாம் மௌத்து."

"என்ன தம்பி, எல்லாமோ?"

"ஒண்ணும் மிச்சமில்ல. சேர்மன்ட மூக்குக்காக ஊத்தின மருந்துல விழுந்த ஒடனே மௌத்தாயிரிச்சி."

அண்ணை நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, எங்கட வளவுக்கு வந்த இடத்தில..." அந்தியேட்டிச் சடங்கு செய்யவேண்டுமோ என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். நல்ல காலம், பாலேஸ்வரி அக்கா குறுக்கிட்டார்.

"அப்ப இன்னொருக்கா, மருந்து ஊத்தாமல், கொண்டுவந்து போடுங்கோவன்!"

"அது ஏலாதுக்கா. செத்திட்டுன்னு எழுதினாத்தானே திரும்பப் போடலாம். சேர்மன் கையால போட்டது செத்திட்டுன்னு யாரு எழுதுற? எனக்குப் புள்ள குட்டி ஈக்கி." தலையைச் சொறிந்தார். "ஆனா அளக்க வாற ஆள் வந்தா கசடு பாதியா ஈக்கணும். அதுக்கு ஒரு வழி ஈக்கி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வாகனம் வந்தது. பீப்பா உடம்பு, பின்னால் தடித்த குழாய். உடம்பைச் சுற்றி 'நடமாடும் ஆய்வுகூடம்' என்று துணிப் பதாகை. குழாயை டாங்கிக்குள் விட்டு, கடகடவென்று பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டது.

கனகசபாபதி அண்ணை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "தம்பி, இதைத்தானே நான் முதல் முதல் கேட்டனான்?"

"இல்ல ஐயா. நீங்க கேட்டது பௌசர். இது ஆய்வுகூடம்."

மணம் போய்விட்டது! ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! கடற்காற்று உண்மையாகவே வந்தது. பாலேஸ்வரி அக்கா யன்னலை அகலத் திறந்துவைத்து, பெருஞ்சீரகம் போட்டு இறைச்சிக்கறி தாளித்தார். லொட்ஜ் பொடியள் ஒழுங்கை முனையிலேயே மோப்பம் பிடித்து ஓடி வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பழைய ஆட்களெல்லாம் திரும்பி, புது ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். பாலேஸ்வரி அக்கா கறிக்கு உப்புப் பார்க்கும்போது பாட்டு முணுமுணுத்தார். நான் என் காதால் கேட்டேன்.

அளக்கிறவர் வந்து அளந்தார். சரியாகப் பாதி. 'ஜீவசுத்தியின் வெற்றி' என்று பேப்பரில் வந்தது.

எடுத்த கசடு எங்கே போனது என்று யாராவது யோசித்தீர்களா? நாங்கள் யோசிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு ஃபிளாட்டுக்குக் கசடு போதாமல் இருந்ததாம். அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். உடனே அந்த டாங்கி தகுதி பெற்றது. சேர்மன் போனார், மருந்து ஊற்றினார்கள், வெள்ளிக் கரண்டி, பாண்ட் வாத்தியம். பிறகு ஆய்வுகூடம் வந்து அங்கேயிருந்து பாதியை உறிஞ்சிக் கொம்பனித்தெருவுக்குக் கொண்டுபோனது. கொம்பனித்தெருவும் வெற்றி. இப்படியே எங்கள் கசடு கொழும்பு நகரமெல்லாம் சுற்றி, போன இடமெல்லாம் குறைந்து, சிறப்பாகச் சேவை செய்துகொண்டிருந்தது. கடைசியில் மொத்தம் ஒரு வாளி கூடக் குறையவில்லை. அதிகாரசபைச் சுவரில் மட்டும் கோடு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் ஸவாஹிர் வந்து குசினி யன்னலடியில் நின்றார். பார்சல் வேண்டாம் என்றார்.

"அக்கா, ஏசாதீங்க. உதவி குடுக்கிற வெளிநாட்டுக்காரர் வாறாங்க. முதல் வெற்றிய முதல்ல இருந்து பாக்கணுமாம். குறையிறதுக்கு முந்தி எப்பிடி ஈந்ததுன்னு காட்டச் சொல்றாங்க. அதனால ஒங்கட கசடு திரும்பி வருது."

பாலேஸ்வரி அக்காவின் அகப்பை நடு வழியில் நின்றது. "போனது போனதுதான். அது இனி எங்கட இல்லை."

"பாதிதான் ஒங்கட. மத்தது கொட்டாஞ்சேன சனத்துட, கொம்பனித்தெரு சனத்துட. எல்லாம் ஒண்ணாக் கலந்து வருது."

"எவ்வளவு நாளைக்கு?"

"அஞ்சு வருசத் திட்டம் அக்கா."

பாலேஸ்வரி அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கணவருக்கு முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ. அது வந்து இந்த வளவில இறங்கினால் நான் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வவுனியா பஸ்ஸில ஏறிடுவன். என்னால இனி ஏலாது. பொடியள் ஒருக்காத்தான் மன்னிப்பாங்கள். ரெண்டாந்தரம் வரமாட்டாங்கள்."

அண்ணை "ஓம், சரி" சொல்லவில்லை. இத்தனை வருசப் பழக்கத்தில் அதுவே எனக்குப் புதினம்.

கசடு வந்து சேர்கிற வழியில் பெறுகிறவர் கூடவே வரவேண்டும் என்பது அதிகாரசபையின் சட்டம். அண்ணையும் உபதலைவர் என்ற முறையில் நானும் ஞாயிற்றுக்கிழமை கொம்பனித்தெருவுக்குப் போய், ஆய்வுகூடத்தின் முன் சீற்றில் சாரதியோடு நெருக்கியடித்து ஏறினோம். பதாகை எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. கண்ணாடியில் மட்டும் சேர்மனின் பெரிய கையெழுத்தோடு ஒரு பாஸ் ஒட்டியிருந்தது.

கொள்ளுப்பிட்டி செக் பொயின்ற்றில் மறித்தார்கள். மறிக்காமல் என்ன செய்வார்கள்? குண்டு வைத்த லொறிகளுக்கு நாடே பயந்து கிடந்த காலம். ஒரு பீப்பா வண்டி, உள்ளே யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு இரண்டு பேர். துவக்குகள் நிமிர்ந்தன. இறங்கச் சொன்னார்கள்.

"ஏக்கே மொனவத?" உள்ளே என்ன என்று கேட்டான் ஆமிக்காரன்.

சாரதி உண்மையைச் சொன்னான். ஆமிக்காரன், சாரதி தன்னைப் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து, மேலே ஏறி, மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இறங்கி வந்து தூரத்தில் நின்றுகொண்டு அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "கொஹெட்டத?" எங்கே கொண்டுபோகிறீர்கள்?

சாரதி வெள்ளவத்தை என்று சொல்வதற்கு வாயெடுத்தான். அதற்கு முந்திக் கனகசபாபதி அண்ணை முன்னால் வந்தார். தெற்கே எத்தனையோ தபாற் கந்தோரில் இருந்த மனிதர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் யாரும் தள்ளாமல் தானாக முன்னால் வந்து அவர் கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன். கையை நீட்டி, சற்றுத் தள்ளி நின்ற அந்த ரோசாப்பூக் கட்டடத்தைக் காட்டினார்.

"அந்தக் கந்தோருக்கு மாத்தயா. சேர்மனுடைய சாமான். பாஸில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது, பாருங்கள்."

அதிகாரி பாஸைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். வயர்லெஸ்ஸில் ஒரு தரம் இடம் சொன்னால் முடிந்தது கதை. அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் பீப்பா வண்டி திரும்பக்கூடாது. திரும்பினால் சுடுவார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். சாரதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "மாத்தயா, பிஸ்ஸுத?" என்று முணுமுணுத்தான். விசர் பிடித்துவிட்டதா என்று கேட்கிறான்.

"நேரை பாத்து ஓட்டு தம்பி," என்றார் அண்ணை.

கந்தோரில் காவற்காரன் மட்டும்தான் இருந்தான். துவக்கோடு வந்தவர்களுடன் அவன் வாதாடவில்லை, டாங்கியைக் காட்டினான். புத்தம் புதிய டாங்கி, அடி தெரிந்தது. அந்தக் கந்தோரில் நாள் முழுக்க இருந்து வேலை செய்கிறவர்கள் இல்லைப்போலும். மூன்று ஊர்க் கசடும் கடகடவென்று இறங்கி, சிவப்புக் கோட்டைத் தாண்டி, விளிம்புவரை வந்து நின்றது. ஏசி மெசின்கள் காற்று இழுக்கிற இடம் அதற்கு நேர் மேலே இருந்தது.

திரும்பி பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "அண்ணை, என்ன துணிவில சொன்னீங்கள்? சுட்டிருப்பாங்கள்."

"நான் பொய் சொல்லேல்லைத்தானே. அவையின்ரை சாமான்தானே." பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாலேசு வவுனியா பஸ்ஸில ஏறினால் நான் எங்கையடா போறது? எனக்குப் பயம் அதுதான். சூட்டுக்கில்லை."

திங்கட்கிழமை ஏசி ஓடத் தொடங்கியதும் அதிகாரசபையின் மாடிகள் எல்லாவற்றுக்கும் உண்மை தெரிந்துவிட்டது. தன்னுடைய கந்தோருக்கே பௌசர் கேட்டுச் சேர்மன் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள். கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, உலகத்தில் வேறெந்த அதிகாரசபையும் கசடைத் தன் காலடியிலேயே வைத்திருந்து ஆராய்வதில்லை என்று மனமுருகிப் பாராட்டி, உதவியை நீட்டித்தார்கள். ஒரேயொரு நிபந்தனை: ஆராய்ச்சி முடியும்வரை அந்தக் கசடை அந்த இடத்தை விட்டு அசைக்கக்கூடாது. சேர்மன் நன்றியுரை ஆற்றினாராம். மூச்சுவிடாமல் ஆற்றியதால் சுருக்கமாக இருந்ததென்று ஸவாஹிர் சொன்னார்.

உத்தியோகத்தர்களால் ரோசாப்பூக் கட்டடத்துக்குள் ஒரு வாய் சோறு வைக்க முடியவில்லை. மத்தியானம் எங்கே போவது? ஸவாஹிருக்கு ஒரு இடம் தெரியும். முதல் நாள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் ஒரு வான். கிழமைக் கடைசியில் கணக்குப் பிரிவு, திட்டமிடல் பிரிவு, உபசரணைப் பிரிவு எல்லோரும் எங்கள் ஒழுங்கையில் வரிசையில் நின்றார்கள். பாலேஸ்வரி அக்கா ஒத்தாசைக்கு இரண்டு பெண்டுகளை வைத்துக்கொண்டார். நாகேந்திரம் வரிசையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார், யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொடி பறக்கிற காரில் சேர்மனே வந்தார். கோட்டில் பூ இருந்தது, வாடியிருந்தது. நேரே யன்னலுக்கு வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டார் பாலேஸ்வரி அக்கா.

ஸவாஹிர் தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலித் தமிழில் சொன்னார்: "தலைவர் அவர்கள் வரிசையில் நிற்காது உணவைப் பெறுவதற்கு விசேட ஏற்பாடு ஏதும் உண்டா என வினவுகின்றார்."

அக்கா அகப்பையும் கையுமாக யன்னலால் தலையை நீட்டி, அந்த வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். லொட்ஜ் பொடியள் முன்னுக்கு நின்றார்கள்.

"பொடியளுக்குப் பின்னால போய் நிக்கச் சொல்லும் தம்பி. மீன் முடிஞ்சிடும், பருப்பு மிஞ்சினால் தாறன்."

ஸவாஹிர் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். சேர்மன் போய் நின்றார்.

அக்கா உள்ளே திரும்பிக் கத்தினார்: "இஞ்சாருங்கோ, இன்னும் ரெண்டு சுண்டு அரிசி களைஞ்சு போடுங்கோ!"